சாம்பலுக்கு ஒரு விலாசம்

"சாம்பார்லயும் சாம்பல், சட்டைக் காலர்லயும் சாம்பல், சாயங்காலமானா மனுஷன் சொந்த வீட்டுல மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார வேண்டியிருக்கு, நீ என்னடான்னா ப்ளக்குக்கு ஒரு மூடி போட விடமாட்டேங்கற, உனக்கு உன் தங்கச்சி முக்கியமா நான் முக்கியமா?" என்று அமலதாஸ் கேட்டதை, ஒரு எழுத்து விடாமல், கடைசிக் கேள்வியில் அவர் குரல் கீச்சென்று ஏறியதையும் சேர்த்து, ஜெசிந்தா அவருக்கே திருப்பிச் சொல்லிக்காட்டினாள். சொல்லிவிட்டு, "இதையே காலையில எழுந்ததும் சொன்னீங்க, ஆபீஸ்லேருந்து போன்ல சொன்னீங்க, இப்ப வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி சொல்றீங்க. சண்டை போடுறீங்களா, ஜெபமாலை சொல்றீங்களா?" என்றாள்.

"மூடி போட்டா என்னடி உனக்கு?"

"மூடி போட்டா அது எங்க போகும்?"

"எங்கயோ போகட்டும்."

"அந்த எங்கயோலதான் எந்தங்கச்சி குடியிருக்கா."

அமலதாஸ் இன்சூரன்ஸ் ஆபீஸில் சூப்பரின்டென்டெண்ட். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டறியாதவர். வெள்ளை என்றால் நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பெட்டி போட்டு, நிறுத்திவைத்தால் தானாக நிற்கும் வெள்ளை. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், மிக்ஸி ப்ளக்கிலிருந்தும் டிவி ப்ளக்கிலிருந்தும் ஃபேன் சுவிட்சின் இடுக்கிலிருந்தும் மெல்லிய சாம்பல் கசிந்து கசிந்து, சுவரோரமாக ஒரு கைப்பிடி அளவுக்குக் குவிந்தால் அவருக்கும் ஆற்றாமை இருக்கத்தானே செய்யும் என்று ஜெசிந்தாவுக்கு ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒரு பக்கம் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. பொறுமையும் கிடையாது. குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்திருந்து அவள் சோறு இறக்கிய நாளே இல்லை.

சாம்பல் வர ஆரம்பித்தது மாசி மாதம், விபூதிப் புதனுக்கு மறுநாள். அதுவரைக்கும் தனியாக வந்துகொண்டிருந்த கரண்ட், அன்று சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில், தான் பிறந்த ஊரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. வசந்தமாலை அபார்ட்மென்ட் மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாயைப் பாதி மூடி, பாதி விட்டுவைத்து, விட்டுவைத்த பாதிக்கு 'லேக் வியூ' என்று பேர் வைத்துக் கட்டினது. அதில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ப்ளக்கிலிருந்து சாம்பல் கொட்டியபோது, அசோசியேஷன் செயலாளர் வைரவன், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், முருக பக்தர், அதை முருகன் அனுப்பிய விபூதி என்று நினைத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வந்தார். அரை மணி நேரத்தில் நெற்றி திகுதிகுவென்று எரிந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சிவந்து தடித்துவிட்டது. "இது பழனிச் சாம்பல் இல்லை சார், கரிச் சாம்பல்" என்று ஜெசிந்தா சொன்னாள். சிப்பித்துறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சாம்பலைத் தொட்டுப்பார்க்கவே வேண்டியதில்லை, தூரத்தில் நின்று பார்த்தாலே தெரியும்; அவள் ஊரில் அனல் நிலையத்தின் புகைபோக்கிக்குக் கீழேதான் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் மீன் ஏலம் விடுகிற கூடமும் இருந்தன.

முதல் வாரம் ஜனங்கள் பயந்தார்கள், இரண்டாவது வாரம் கோபப்பட்டார்கள், மூன்றாவது வாரம் எந்த நேரத்தில் எது வரும் என்று கற்றுக்கொண்டார்கள். உச்சிவெயில் நேரத்துக் கரண்ட் கரிசல் காட்டில் கண்ணாடிப் பலகை பரப்பிப் பிடித்த கரண்டு. அது வருகிறபோது ப்ளக்கிலிருந்து காய்ந்த மண் வாசனையும் பாறைச்சூடும் வந்தன, ஆகவே பெண்கள் வடகத்தையும் மிளகாயையும் மொட்டைமாடிக்குத் தூக்காமல் ப்ளக் ஓரமாகவே முறத்தில் பரப்பி வைத்தார்கள். மலையில் அணை திறந்த நாட்களில் சுவர் லேசாக வியர்த்தது, மணிபிளான்ட் தொட்டியை அங்கே நகர்த்தி வைத்தார்கள். சாயங்காலம் ஊரே வீட்டுக்குத் திரும்பி, ஊரே ஏசி போட்டு, ஊரே சீரியல் பார்க்கும்போது மட்டும் வெயில் போய்விட்டிருக்கும், அணையும் கைவிட்டிருக்கும், மின்சாரச் சந்தையில் விலை மளமளவென்று ஏறும், ஏறுகிற விலையோடு கரிக் கரண்ட் வரும், அதன் கூடவே சாம்பல் வரும். கிரிக்கெட் மேட்ச் நாளில் இரண்டு கைப்பிடி. தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்குப் போட்டு, ஜெனரேட்டர் வைக்காமல், ஏசியும் போட்டு ஒரு ரிசப்ஷன் நடந்தபோது கணுக்கால் அளவு சாம்பலில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்று மொய் வாங்கினார்கள். போட்டோக்காரர் அதைப் பனிமூட்டம் மாதிரி எடுத்துக்கொடுத்தார், ஆல்பம் நன்றாக வந்திருந்தது என்றார்கள்.

கவர்ன்மென்ட் ஒரு கமிட்டி போட்டது. புகைபோக்கியிலிருந்து வருகிற சாம்பலுக்குத்தான் சட்டம் இருக்கிறது, ப்ளக்கிலிருந்து வருகிற சாம்பலுக்குச் சட்டம் இல்லை, ஆகையால் அது மாசு என்று சொல்வதற்கில்லை என்று கமிட்டி சொன்னது. செங்கல் சூளைக்காரர்கள் மினி லாரியில் வந்து வாசலில் ஹாரன் அடித்துச் சாம்பல் வாங்கிப்போனார்கள். ஹார்ட்வேர் கடைகளில் ப்ளக்குக்கு ரப்பர் மூடி விற்க ஆரம்பித்தார்கள். அதைப் போட்டால் சாம்பல் வராது. அமலதாஸ் ஒரு டஜன் வாங்கிவந்து டிராயரில் வைத்திருந்தார். அதைத்தான் ஜெசிந்தா போட விடவில்லை.

காரணம் பங்குனியில் வந்த ஒரு போன்.

அவள் தங்கை பெனிட்டா வருஷக்கணக்காக உட்கார்ந்தே தூங்குகிறவள். படுத்தால் நெஞ்சில் பூனை கத்தும், மூச்சு பாதியில் நின்றுவிடும் என்பதால், சுவரில் மூன்று தலையணை சாய்த்து, அதில் முதுகைச் சாய்த்து, மடியில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் தூங்குகிறவள் மாதிரியே வாழ்க்கை முழுக்கத் தூங்கினாள். பஸ்ஸிலாவது இறங்குகிற இடம் வரும். டாக்டர்கள் சிப்பித்துறையை விட்டுப் போகச் சொன்னார்கள். புருஷனுக்கு அங்கே படகு, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம், எங்கே போவாள்? அந்த பெனிட்டா ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல், "யக்கா, நான் படுத்துத் தூங்குனேன்" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"மல்லாக்கப் படுத்து, காலை நீட்டி, விடியுற வரைக்கும். இவரு எழுந்திரிச்சுப் பாத்துப் பயந்துட்டாரு, மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டாரு. யக்கா, இங்கன சாம்பலே இல்லக்கா. புகைபோக்கி வேலை செய்யுது, புகை வெள்ளையா போவுது, ஆனா ஒண்ணும் விழமாட்டேங்கு. துணி வெள்ளையா காயுது. உப்பளத்துல உப்பு உப்பு மாதிரி இருக்கு. எல்லாம் எங்க போச்சுன்னு தெரியலக்கா."

ஜெசிந்தா தன் வீட்டு மிக்ஸி ப்ளக்குக்குக் கீழே இருந்த ஒரு கைப்பிடிச் சாம்பலைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அதை விளக்குமாற்றால் பெருக்கவில்லை. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, வாளியில் போட்டு, தண்ணீர் தெளித்து அமுக்கி, சூளைக்காரனுக்குக் கொடுத்தாள். யோசித்துப் பார்த்தால் கணக்கு ரொம்பச் சாதாரணம். கான்வென்டில் சிஸ்டர் மார்கரிட்டா ஸ்கேலால் முட்டியில் தட்டிச் சொல்லிக்கொடுத்த வகுத்தல் கணக்கு. ஆயிரமாயிரம் வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி. பிரிக்காமல் ஒரே இடத்தில் விட்டால் மலை. அந்த மலைக்கு அடியில் பெனிட்டா. தெருவில் மூடி போட்டவர்கள் கூடக் கூட, அவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சாம்பல் வந்த வழியே போய்ச் சிப்பித்துறைக்காரர்கள் தலையில் விழுந்தது என்பதைப் பெனிட்டாவின் இருமலை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. இங்கே பத்து மூடி கூடினால் அங்கே ஒரு தலையணை கூடும். ஆகவே ஜெசிந்தா வீடு வீடாகப் போய் மூடியைக் கழற்றச் சொன்னாள். கெஞ்சத் தெரியாதவள் கெஞ்சப் போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "உங்க வீட்டு ஏசிக்கு வந்த சாம்பல், உங்க வீட்டுலதான் விழணும், அதுல வெட்கம் என்ன?" என்று கேட்டாள். கீழ்வீட்டு தில்ஷாத், கைக்குழந்தைக்காரி, ஒருத்திதான், "எங்க ரூம்ல மட்டும் போட்டுக்கறேன்க்கா, பிள்ளைக்கு மூக்கடைக்குது, மத்த ப்ளக்கெல்லாம் திறந்தே இருக்கட்டும்" என்றாள். மற்றவர்கள் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று மதுரையில் இருபது வருஷமாகக் குடித்தனம் செய்கிறவளுக்குத் தெரியாதா?

பிறகு ஆடி வந்தது. கணவாய்ப் பக்கமெல்லாம் காற்றாடிகள் கிறுகிறுவென்று சுற்ற, அந்தக் கரண்ட் வந்த வீடுகளில் ப்ளக்கிலிருந்து காற்று புறப்பட்டுக் காலண்டரைக் கிழித்தது, ஊதுபத்தியை அணைத்தது, அமலதாஸின் தலையில் மிச்சமிருந்த முடியை எதிர்ப்பக்கம் வாரிவிட்டது. சாயங்காலம்கூடச் சாம்பல் இல்லை. பெனிட்டா தினமும் படுத்துத் தூங்கினாள். ஆனால் சில நாட்களில் நல்ல காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காற்று நின்று சாம்பல் கொட்டியது. ஜெசிந்தா மின்வாரிய ஆபீஸுக்கே போய்க் கேட்டாள். கவுன்டரில் இருந்த அம்மாள், "காத்தாடியை நிறுத்தச் சொல்லிட்டாங்க மேடம். கரி எரிக்கிறவங்களோட வருஷக்கணக்குல ஒப்பந்தம் இருக்கு, வாங்கினாலும் வாங்காட்டியும் அவங்களுக்குக் குடுத்தாகணும், அதான் அவங்களை எரிக்கச் சொல்லிட்டு இவங்களை நிக்கச் சொல்றது" என்று, மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் சொன்னாள்.

"அதாவது, காத்து சும்மா வந்து வாசல்ல நிக்குது. நீங்க அதை உட்காரச் சொல்லாம, கரிக்கு இலை போடுறீங்க."

"நான் போடலை மேடம். எனக்கு மேல போடுறாங்க."

இந்த நேரத்தில்தான் நிரஞ்சன் என்பவன் அபார்ட்மென்டுக்கு வந்தான். கழுத்தில் டையும் கையில் லேப்டாப்புமாக, கரண்டை வாங்கி விற்கிற கம்பெனி ஒன்றின் ஆள். கார் பார்க்கிங்கில் நீல நாற்காலி போட்டு எல்லோரையும் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டினான். வசந்தமாலை முழுவதும் காற்றாலைக் கரண்டையே வாங்கலாம், வருஷம் முழுக்க, மார்கழியில்கூட. ஆடியில் வீசுகிற காற்றில் உங்கள் பங்கை வரவு வைத்துக்கொள்வோம், காற்றில்லாத மாதத்தில் எடுத்துக் கொடுப்போம். இதற்கு பேங்கிங் என்று பேர், ரூல் இருக்கிறது, எல்லாம் சட்டப்படி.

வைரவனின் முகம் அவர் ரிட்டையர் ஆன நாளிலிருந்து அப்படி மலர்ந்ததில்லை. "அதாவது டெப்பாசிட்" என்றார். "ஆடியில போடுறோம், மார்கழியில எடுக்கிறோம்."

"கரெக்ட் சார்."

"காத்தைப் பேங்க்ல போட்டா டோக்கன் குடுப்பானா, பாஸ்புக் குடுப்பானா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அமலதாஸ் சிரிக்கவில்லை, தன் காலரைத் தட்டிக்கொண்டே, சாம்பல் வராதில்லையா, சாம்பல் வராதில்லையா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஜெசிந்தா எழுந்தாள். "எனக்கு ஒரு கேள்வி. மூடி போட்டா சாம்பல் திரும்பிப் போகுது. இதுல அப்படித் திரும்பிப் போகுமா?"

நிரஞ்சன், "மேடம், திரும்பிப் போக இங்க வந்தாத்தானே? நீங்க வாங்குறது காத்து. உங்க அபார்ட்மென்டுக்காக ஒரு துண்டு கரிகூட எரியாது" என்றான்.

ஒரு துண்டு கரிகூட எரியாது. இதைவிட என்ன வேண்டும்? எரியாத கரிக்குச் சாம்பல் ஏது? இங்கேயும் விழாது, அங்கேயும் விழாது, இவர் சட்டையும் வெள்ளையாக இருக்கும், அவள் மூச்சும் நேராக இருக்கும். ஜெசிந்தாவின் பொறுமையில்லாத மூளை ஒரே தாவலில் அந்தக் கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. முதல் கையைத் தூக்கியவள் அவள்தான். யோசித்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அவளே போய், "இதைவிட நல்லது என்ன இருக்குன்னு யோசிக்கிறீங்க?" என்று அதட்டிச் சம்மதம் வாங்கிக்கொடுத்தாள். வீடு அமலதாஸ் பேரில் இருந்ததால் கையெழுத்து அவர் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒன்றைச் சரியென்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று ஹோட்டலில் இருந்து பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வசந்தமாலையில் சாம்பல் நின்றுபோய், சேர்த்துவைத்த ஆடிக் காற்று ப்ளக் ப்ளக்காக வர ஆரம்பித்தது. மாதக்கணக்கில் பெட்டிக்குள் மடித்துவைத்த புடவை மாதிரி அதில் கொஞ்சம் முடங்கின வாசனை இருந்தது என்பதைத் தவிர மற்றபடி நல்ல காற்றுதான். மேல்மலைக்கு அந்தப்பக்கம் பெய்த மழையின் ஈரம்கூட அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மழை நாளில் துணி காய்ந்தது. தில்ஷாத் குழந்தையின் தொட்டிலைக் காற்று தானாகவே ஆட்டியது. வைரவன் தினமும் காலையில் மொபைலைத் திறந்து, இன்னும் எவ்வளவு காற்று இருப்பில் இருக்கிறது என்று பார்த்து, பேரப்பிள்ளைக்கு மார்க் வந்த மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தமாலையைப் பார்த்துப் பக்கத்து அபார்ட்மென்ட் வாங்கியது, அதைப் பார்த்து ரிங் ரோடு முழுக்க வாங்கியது, பிறகு பெரிய பெரிய கம்பெனிகள் வாங்கி, வாசலில் பச்சைப் பலகையில் பெருமையாக எழுதிவைத்தன. அமலதாஸ் கண்ணாடி முன்னால் நின்று காலரைத் தடவிப் பார்த்து, "இப்ப எப்படி?" என்றார். ஜெசிந்தா சிரித்தாள்.

பெனிட்டா கூப்பிடுவது குறைந்திருந்தது. இவள் கூப்பிட்டால், "நல்லாயிருக்கேன்க்கா, அடுப்புல வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு எடுக்காமல் 'ஓகே' என்று மெசேஜ் போட்டாள். பேசினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அவள் மெசேஜ் போடுகிறாள் என்பது ஜெசிந்தாவுக்குக் குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போது சுரீரென்று உறைத்தது. அடுப்பை அணைத்து, "பிரெட் இருக்கு, முட்டை இருக்கு" என்று புருஷனுக்குச் சொல்லிவிட்டு, பஸ் ஏறினாள்.

சிப்பித்துறைக்குப் பத்து மைல் முன்னாலேயே பஸ் டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டான். பகல் பதினொரு மணி. முன்பெல்லாம் அங்கே சாம்பல் தூவும், இப்போது கொட்டியது. இத்தனை வருஷம் அந்த ஊருக்கென்று இருந்த சாம்பல் மட்டுமில்லை, காற்று வாங்கிய எல்லா அபார்ட்மென்டுகளின் சாம்பலும், பச்சைப் பலகை வைத்த எல்லாக் கம்பெனிகளின் சாம்பலும், போக இடமில்லாமல் அங்கேயே இறங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் உப்பைக் கறுப்பாக வாரினார்கள். கரையில் ஏற்றிவைத்த படகுகளை மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுத்தார்கள். மாதா கோயிலில் சுரூபத்துக்குத் தினமும் மூன்று தடவை முகம் துடைக்கிறவர்களுக்குள் முறை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி யாரும் அழவில்லை, யாருடைய முறை தவறிப்போனது என்றுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்பது ஜெசிந்தாவுக்கு அன்றைக்குப் பெரிய அருவருப்பாக இருந்தது.

பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு மூன்று தலையணை இல்லை, ஐந்து. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"நீ அங்கன ரொம்ப சந்தோசமா இருந்தியேக்கா." இதைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு வேண்டியிருந்தது. "அத்தான்... சட்டை... வெள்ளையா இருக்குன்னு... சிரிச்சுக்கிட்டே சொன்னியே."

"அனல் நிலையத்து அடுப்பை அணைச்சிருக்கணுமே. காத்துதானே வாங்குறோம் நாங்க!"

"அணைக்கவே இல்லக்கா." பெனிட்டா ஜன்னலைக் காட்டினாள். அனல் நிலையத்தின் புகைபோக்கி எப்போதும் நிற்கிற இடத்தில் எப்போதும் போலவே புகைந்துகொண்டிருந்தது. "மார்கழியில... ஏதுக்கா... காத்து?"

ஜெசிந்தா வாசலுக்கு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். அவன் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், காத்து ஆடியிலேயே வீசி முடிஞ்சிருச்சு, அந்தக் கரண்டை அன்னிக்கே யாரோ செலவழிச்சுட்டாங்க. நீங்க மார்கழியில கேக்குறீங்க. மார்கழியில கரி எரிச்சுத்தான் குடுக்க முடியும். ஆனா கணக்குல அது உங்க காத்து."

"அப்ப அந்தக் கரியோட சாம்பல் யார் கணக்கு?"

"அதுக்கு விலாசம் கிடையாது மேடம். முன்னாடி வாங்குறவங்க வீட்டுக்குப் போச்சு. இப்ப வாங்குறவங்க பேர்ல காத்துன்னு இருக்கு. விலாசம் இல்லாதது பிறந்த இடத்துலயே தங்கிரும்."

"ஒரு துண்டு கரிகூட எரியாதுன்னு சொன்னியேப்பா."

"உங்க அபார்ட்மென்டுக்காகன்னுதான் மேடம் சொன்னேன்."

அவனைத் திட்டுவதற்கு இங்கிலீஷில் இருந்த வார்த்தையும் தமிழில் இருந்த வார்த்தையும் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்து, இரண்டும் முட்டிக்கொண்டு, ஒன்றும் வெளியே வரவில்லை. அதற்குப் பதில் இருமல் வந்தது.

பெனிட்டாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். பெனிட்டா புருஷனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள், "இவங்களையும் ஏத்திக்கிடுவியாக்கா?" என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு ஜெசிந்தா தனியாகத்தான் திரும்பினாள். டாக்டர் ஒருவர் அவளைத் தனியே அழைத்து, இந்தக் குளிர்காலம் இப்படியே போனால் அடுத்த குளிர்காலத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை என்று சொல்லியிருந்தார்.

அசோசியேஷன் கூட்டம் தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கார் பார்க்கிங்கில். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பது என்பது ஒன்றுதான் பேச வேண்டிய விஷயம். போண்டா, டீ ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜெசிந்தா பூசை முடிந்து நேராக வந்து, யாரும் கூப்பிடாமலேயே எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். பெனிட்டாவின் ஐந்து தலையணையைச் சொன்னாள். நிரஞ்சன் சொன்னதை நிரஞ்சன் குரலிலேயே சொன்னாள். "நான்தான் உங்களை அதட்டிக் கையெழுத்து வாங்கினேன், இப்ப நானே சொல்றேன், வேண்டாம். பழையபடி சாம்பல் வரட்டும். ஒரு கைப்பிடிதான். நான் வந்து துடைச்சுத் தர்றேன், வீடு வீடா" என்றாள்.

வைரவன் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா இருப்பு நிறைய இருக்கு. முதிர்வுக்கு முன்னாடி டெப்பாசிட்டை உடைக்கிறது..."

"அது டெப்பாசிட் இல்ல சார், அது எந்தங்கச்சியோட மூச்சு. அதைத்தான் எடுத்து எடுத்து உங்களுக்குக் குடுத்துக்கிட்டிருக்கான்."

யாரும் கோபமாகப் பேசவில்லை. பாவம்தான் என்றார்கள். கவர்ன்மென்ட்தான் பார்க்கணும் என்றார்கள். நாம் ஒருத்தர் விட்டால் மட்டும் அங்கே குறைந்துவிடுமா, ரிங் ரோடு முழுக்க வாங்கியிருக்கிறானே என்றார்கள். நாம் நியாயமாகத்தானே காற்றை வாங்குகிறோம் என்று ஒருவர் உண்மையாகவே மனசு நொந்து சொன்னார். ஜெசிந்தாவுக்கு ஏலம் விடத் தெரியும், மீன்காரியின் பேத்தி. ஆனால் ஏலத்தில் ஏறிக்கொண்டே போவதுதான் அவளுக்குப் பழக்கம், இறங்கிக்கொண்டே போவது இல்லை. அன்று இறங்கினாள்.

"சரி, எல்லாரும் வேண்டாம். பாதி வீடு."

டீ தம்ளர்கள் கைமாறின.

"ஒரு மாடி. ஒரே ஒரு மாடி. சாயங்காலம் மட்டும்."

தில்ஷாத் மடியில் குழந்தையோடு நெளிந்தாள், வாயைத் திறந்தாள். "உன்னை நான் கேக்கல, நீ உட்காரு தாயி" என்று ஜெசிந்தா சொன்னாள். தில்ஷாத் அழ ஆரம்பித்தாள்.

"அஞ்சு வீடு... ரெண்டு."

தூணில் இருந்த ப்ளக்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மேஜை மேல் கையெழுத்துக்கு வைத்திருந்த தாள்கள் படபடத்தன. வைரவன் போண்டாத் தட்டை அவற்றின் மேல் தூக்கி வைத்தார். எல்லோரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள்.

ஜெசிந்தா மூன்றாவது வரிசைக்குத் திரும்பினாள். அமலதாஸ் மடிப்புக் கலையாத சட்டையில் உட்கார்ந்து, காலி தம்ளருக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்திருந்தார்.

"என்னங்க, நம்ம வீடு ஒண்ணு மட்டும். வீடு உங்க பேர்ல இருக்கு, நீங்கதான் சொல்லணும். ஒரு கைப்பிடி அங்க குறையட்டும். எழுந்திரிச்சு, எங்க வீட்டைக் கணக்குலேருந்து எடுத்துருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அமலதாஸ் தலையைத் தூக்காமல், காலரை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ஏங்க... ஒரு வார்த்தை."